குணசீலராஜியும் மயில்வாகனனியும்

அக்டோபர் 14

பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் முனைவர் பட்டப் பதிவு மார்ச் 31உடன் முடிகிறதாம், இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாதாம். அதற்குள் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும், ஆய்வேட்டில் நெறியாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏழு வருடமாக நான் கடற்கரையில் காற்று வாங்கியதாகத்தான் கணக்கு.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "புழுவத்தானே பாக்க? அதுக்கு என்னட்டி ஏழு வருசம்?" என்றாள். தென்காசியில் உட்கார்ந்தபடி இவ்வளவு சரியான கேள்வியை அவளால் மட்டும்தான் கேட்க முடியும். பதில் தெரியாததால் டைரி எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

அக்டோபர் 17

நெறியாளர் பேராசிரியர் குணசீலராஜைப் பார்த்தேன். எங்கள் கடல் உயிரியல் நிலையத்தின் தலைவர். கடல் அவருடைய அறை ஜன்னலிலிருந்து தெரியும். அவருக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் பழக்கம். கடற்புழுக்களைப் பற்றிய நாற்பத்திரண்டு கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது. அவர் கால் நனைந்து நான் பார்த்ததில்லை.

கோரைவலசைக் கரையில் கிடைக்கும் ஒரு புழு எந்தப் புத்தகத்தோடும் பொருந்தவில்லை, புது இனமாக இருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம்னா? ஆக்கிரும்மா," என்றார்.

அக்டோபர் 19

கோரைவலசை. முழங்கால் அளவு தண்ணீர், கடல்புல், சேறு. நீர் வத்தும் நேரம் பார்த்து ரோசரியும் இன்னும் நாலு பெண்களும் சின்ன மண்வெட்டியோடு இறங்கிப் புழு எடுப்பார்கள். இறால் குஞ்சு கம்பெனிக்காரர்கள் தாய் இறாலுக்குத் தீனியாக வாங்கிக்கொண்டு போவார்கள். ரோசரிக்கு என் வயதுதான், முப்பத்து நாலு. பத்தாவது வரை படித்தவள். நான் டீச்சர் இல்லை என்று ஏழு வருடமாகச் சொல்லியும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

எனக்கு வேண்டிய புழுக்களை அவள் தோண்டித் தருகிறாள். கட்டுரையில் "ஆய்வாளரால் சேகரிக்கப்பட்டது" என்று எழுதுவோம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அக்டோபர் 24

இந்தப் புழுவை அடையாளம் சொல்ல அதன் தொண்டையைப் பார்க்க வேண்டும். தொண்டைக்குள் மணல் மணலாகச் சின்னப் பற்கள் இருக்கும்; அவை எந்த வரிசையில் எத்தனை என்பதில்தான் அதன் மொத்த ஜாதகமும் இருக்கிறது. ஆனால் சாகும்போது தொண்டையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆல்கஹாலில் போட்டால் கோபித்துக்கொண்டு துண்டு துண்டாக உடையும். இன்று பதினோரு புழு போட்டேன், அறுபது துண்டு கிடைத்தது.

ரோசரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐஸ்கட்டியத் துணில சுத்தித் தண்ணிக்குள்ள போடுங்க டீச்சர். மெதுவாத் தூங்கிரும். தூங்குனாத் தானா வாயத் தொறக்கும்," என்றாள்.

போட்டேன். தூங்கின, திறந்தன. ஏழு வருடத்தில் முதல்முறையாக முழுப் புழு பார்த்தேன். பல்வரிசை எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம்தான்.

அக்டோபர் 28

முதல் வரைவைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். ஐஸ் கட்டி என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு "ஆசிரியர்கள் உருவாக்கிய படிநிலைக் குளிர்வு முறை" என்று எழுதியிருக்கிறார். அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. இன்று கரையில் ரோசரி ஒரு டப்பாவை நீட்டினாள். உள்ளே வேறு மாதிரி நாலு புழு. தலையில் பாதி கண்தான். துடுப்பு மாதிரி அகன்ற கால்கள். மற்றது சேற்றுக்குள் கிடக்கும். இது தண்ணீரில் நீந்துகிறது.

இரண்டாவது புது இனம். "இது எங்க கிடைச்சுது?" என்றேன். "அதே எடந்தான்," என்றாள். அவளுக்கு இதன் முக்கியத்துவம் எங்கே புரியப்போகிறது.

நவம்பர் 4

பேராசிரியர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவருடைய மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"ரெண்டா? ரெண்டுன்னா ரொம்ப வசதி," என்றார். என்ன வசதி என்று பிறகுதான் புரிந்தது. உயிரினத்துக்குப் பெயர் வைப்பவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் உலகம் சிரிக்கும். ஆகவே கட்டுரையில் ஆசிரியராக நான் மட்டும் இருப்பேன். நன்றி மிகுந்த மாணவியாக முதல் புழுவுக்கு என் நெறியாளர் பெயரை வைப்பேன். இரண்டாவதற்குத் துணைவேந்தர் பெயர். நிலையத்தின் தலைவர், பல்கலைக்கழகத்தின் புல முதல்வராக ஆக இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆண்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு 'இ' சேர்த்தால் லத்தீன் ஆகிவிடும். முதலாமவர் குணசீலராஜி. இரண்டாமவர் மயில்வாகனனி. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

நவம்பர் 19

மயில்வாகனனி இன்னும் பத்து வேண்டும். மூன்று மணி நேரம் சேற்றில் நின்றேன், ஒன்றுகூட இல்லை. குணசீலராஜி எக்கச்சக்கம்.

"இப்பக் கெடைக்காது டீச்சர்," என்றாள் ரோசரி.

"ஏன்?"

"இப்பக் கெடைக்காது."

ஆதாரபூர்வமான விளக்கம். குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 1

மழை. ரோசரி போன் செய்து வரச் சொன்னாள். மயில்வாகனனி ஏழு கிடைத்தது. ஆச்சரியமாக, இன்று குணசீலராஜிதான் குறைவு. குடை பறந்துபோய்விட்டது.

டிசம்பர் 17

மயில்வாகனனி இல்லை. பருவகால இடம்பெயர்வு என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.

டிசம்பர் 31

மயில்வாகனனி ஒன்பது. வீட்டுக்கார அம்மா நேற்று அமாவாசைப் படையல் வைத்து வாழைக்காய்ப் பொரியலும் வடையும் கொடுத்தனுப்பினார். இரண்டு நாளாகச் சமைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

ஜனவரி 9

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். பதினாலு பக்கம், ஆறு படங்கள், இரண்டு புது இனங்கள். இரண்டையும் பிரிக்கும் முக்கிய அடையாளம், கண்ணின் அளவு.

ஜனவரி 30

உயிரோடு நிறப்படம் வேண்டும் என்று ஆய்விதழ் கேட்டிருந்தது. நேற்று போகலாம் என்றால் தை அமாவாசை. ராமேஸ்வரம் போகிற கூட்டத்தில் பேருந்துக்குள் கால் வைக்க முடியவில்லை. இன்று போனேன். பெரிய கண்ணுடையது ஒரு வாளி நிறையக் கிடந்தது. பாதி செத்து மிதந்தன.

"ரோசரி, இந்த இனம் ஏன் இன்னைக்கு மட்டும் இவ்வளவு?"

"எந்த இனம்?"

"இந்தக் கண்ணு பெருசு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான். அமாவாச கிட்ட வந்தா இதுக்குக் கண்ணு பெருக்கும், காலு அகலும். மண்ணவிட்டு மேல வந்து நீந்தும், முட்டை விட்டுட்டுச் செத்துரும். எங்க அம்மா காலத்துலேர்ந்து எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. கண்டுபிடிச்சிட்டேன், கண்டுபிடிச்சிட்டேன்னு இருந்தீக."

அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சரிபார்க்க வேண்டும்.

ஜனவரி 31

சரிபார்த்தேன். எம்.எஸ்சி. விடைத்தாள் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. "இனப்பெருக்கக் காலத்தில் கடற்புழுக்களில் ஏற்படும் உருமாற்றத்தை விவரி." பத்து மதிப்பெண் கேள்வி. நிலவையும் குறிப்பிட்டிருக்கிறேன், கண்ணையும் குறிப்பிட்டிருக்கிறேன். ஒன்பதரை வாங்கியிருக்கிறேன்.

இந்த டைரியையும் முதலிலிருந்து படித்தேன். தேதி தேதியாக நானே எழுதி வைத்திருக்கிறேன். வாழைக்காய்ப் பொரியலைக்கூட எழுதியவளுக்கு நிலா கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 6

கட்டுரை ஏற்கப்பட்டது.

பிப்ரவரி 7

பேராசிரியரிடம் சொன்னேன். ஒரே புழு சார், இரண்டு கோலம், திருத்திவிடலாம் என்றேன். திருத்தினால் மறுபடி மதிப்பீட்டுக்குப் போகும், மார்ச் தாண்டிவிடும் என்பது எனக்கும் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யார் சொன்னா? அந்தப் புழு எடுக்கற பொம்பளையா?" என்றார். பிறகு என் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "பிப்ரவரி 28 அறிவியல் தினம். விழா வைக்கறோம். துணைவேந்தர் வந்து ரெண்டு புழுவையும் அர்ப்பணிக்கறார். விழா முடிஞ்ச கையோட உனக்குக் கையெழுத்து. அப்புறம் நீ டாக்டர் வடிவு. திருத்தறதெல்லாம் டாக்டரான பிறகு தனிக் கட்டுரையாப் போட்டுக்கோ, அதுவும் ஒரு கட்டுரைதானே."

சரி சார் என்றேன். ஏழு வருடத்தில் நான் அதிகம் பயன்படுத்திய கலைச்சொல் அது.

பிப்ரவரி 8

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20

விழாவில் காட்ட உயிருள்ள புழு வேண்டுமாம். கடைசி நேரத்தில் மழை கிழை வந்துவிட்டால்? ஆகவே பேராசிரியர் முன்ஜாக்கிரதையாக இன்றே குணசீலராஜி இருபது வாங்கி, கண்ணாடித் தொட்டியில் விட்டுத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். மயில்வாகனனி இன்று எங்கேயும் கிடைக்காது என்பதால் அதை விழா அன்று காலையில் ரோசரி கொண்டுவருவாள். சேகரிப்பாளர் என்று அவளுக்கும் ஒரு பொன்னாடை உண்டு.

எட்டு நாள் முன்னதாக எடுத்து வைக்கிறாரே, நடுவில் அமாவாசை வருகிறதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தொட்டியத் தினம் சுத்தம் பண்ணு, ஒண்ணும் சாகக் கூடாது," என்றார். மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 22

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். நன்றாக இருக்கின்றன.

பிப்ரவரி 24

தண்ணீர் மாற்றினேன். மிகவும் நன்றாக இருக்கின்றன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார். "வடிவு, இதுல சிலதுக்குக் கண்ணு நடுத்தரமா இருக்கே. மூணாவது இனமோ?"

நான் அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

"பதிவாளர் பேர் சும்மாதான் இருக்கு," என்றார்.

பிப்ரவரி 27

அமாவாசை. நாளை வரை திறக்கக் கூடாது என்று தொட்டியின் மேல் பேராசிரியரே பட்டுத்துணி போர்த்திவிட்டார். போர்த்தும்போது செல்போனில் பேசிக்கொண்டிருந்தார், உள்ளே பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம். துணியைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். தொட்டியை மாற்றியிருப்பார், விழா நடந்திருக்கும், கையெழுத்தும் கிடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை, அதனால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 28

வாசலில் பேனர். ஒரு மூலையில் குணசீலராஜ் சிரிக்கிறார், மறு மூலையில் துணைவேந்தர் மயில்வாகனன் சிரிக்கிறார், நடுவில் ஆளுயரத்துக்கு இரண்டு புழுக்கள். புழுக்கள் மட்டும்தான் இயல்பாக இருந்தன.

ரோசரி மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள். அவள் கொண்டுவந்ததை வலதுபக்கத் தொட்டியில் விட்டார்கள். பொன்னாடை முதலிலேயே போர்த்தியாகிவிட்டது. கூச்சத்தோடு அதன் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

துணைவேந்தர் பொருளாதாரம் படித்தவர். ஆனால் பார்க்கத் தெரிந்தவர். இரண்டு துணியையும் விலக்கிவிட்டுக் குனிந்தார்.

"இதுல நான் எது?"

"வலது பக்கம் சார். கண்ணு பெருசு," என்றார் பேராசிரியர், தொட்டியைப் பார்க்காமல், கேமராவைப் பார்த்தபடி.

"நீங்க?"

"இடது பக்கம் சார்."

"உங்களுக்கும் கண்ணு பெருசாத்தானே இருக்கு."

பேராசிரியர் அப்போதுதான் குனிந்தார். நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார். ஆனால் ஒரு நொடிதான், நாற்பத்திரண்டு கட்டுரைக்காரர். "இந்தம்மா மாத்தி விட்டுட்டாங்க சார். படிக்காதவங்க. சொன்னது புரியலை," என்றார்.

"நான் மாத்தலய்யா," என்றாள் ரோசரி. "இது எட்டு நாளைக்கு முந்தி நான் குடுத்த புழுதான். இவுக ரூம்புலதான் இருந்துச்சு."

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ பின்னால் சிரித்தார்கள். ரோசரி பொன்னாடையைத் தன் தோளிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். துணைவேந்தர் என்னைப் பார்த்தார். "நீதானேம்மா கட்டுரை எழுதினது? மாறிப்போச்சா?"

மாறிப்போச்சு சார். அவ்வளவு சொன்னால் போதும். ஆய்வேடு மேடையிலேயே, பூங்கொத்துக்குப் பக்கத்தில் பேனாவோடு இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பட்டம் எனக்கு வேண்டும், இப்போதும் வேண்டும். ஆனால் ரோசரி பொன்னாடையை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது போல இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மாறலை சார்," என்றேன். "ரெண்டும் ஒரே புழு. அமாவாசை வந்தா இப்படி ஆகும். மேல வந்து நீந்தி முட்டை விடும். ரோசரி எங்கிட்ட சொல்லிட்டாங்க. நான்தான் திருத்தலை."

"எப்ப சொன்னாங்க?"

"ஒரு மாசம் ஆச்சு சார்."

துணைவேந்தர் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அமாவாசைக்கு அமாவாசை இவர் நானா மாறிடறார்."

"ஆமா சார்."

"மாறி?"

"செத்துப்போகும் சார்."

இதற்கும் யாராவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

மார்ச் 3

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பேராசிரியர் என் நெறியாளர் பொறுப்பிலிருந்து "உடல்நிலை காரணமாக" விலகிவிட்டார். ஆய்வகத்துக்குப் புதுப் பூட்டு. என் புழுக்கள், நுண்ணோக்கி, டிஃபன் பாக்ஸ் எல்லாம் உள்ளே.

மார்ச் 14

விழா மேடையில் என் நேர்மையை ஐந்து நிமிடம் பாராட்டிப் பேசிய துணைவேந்தருக்கு நீட்டிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். பதில் வந்தது. "விதிகளில் இடமில்லை." நேர்மைக்குத் தனியாக ஒரு விதி எழுத மறந்திருக்கிறார்கள்.

மார்ச் 15

கோரைவலசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை.

ரோசரி சேற்றைத் தோண்டிக்கொண்டே கேட்டாள். "ஒரு மாசம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தீகல்ல?"

"ஆமா."

"அன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டீகன்னுதான் நெனச்சேன்." கொஞ்ச நேரம் தோண்டினாள். "புழுவெல்லாம் பூட்டி வச்சிட்டாராமே. இன்னும் பதினாலு நாள்ல அமாவாச. ஐஸ் வாங்கிட்டு வாங்க."

மார்ச் 29

அமாவாசை. சின்னக் கண், நடுத்தரக் கண், பெரிய கண், வரிசையாக முப்பத்தாறு புழு. உடையாமல், வாய் திறந்து. ஐஸ் கட்டி, துணி, வேறு எந்தப் படிநிலையும் இல்லை.

மார்ச் 31

கடைசி நாள். ஆய்வேடு சமர்ப்பிக்கப்படவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புழு புதுசுதானா?" என்றாள். புதுசுதான் என்றேன். "அப்ப எழுதி முடி," என்றாள்.

ஏப்ரல் 14

கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கட்டுரையை ரோசரிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஆசிரியராக அவள் பெயரையும் போடுகிறேன் என்று சொன்னதற்கு அவள் போட்ட நிபந்தனை அது. "தப்பா இருந்தா என்னையும்ல கேப்பாக. என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியணும்."

மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். "பழுப்பு நிறம்னு போட்டுருக்கீக. அது செத்ததுக்கு அப்புறம். உசுரோட இருந்தாப் பச்சை." திருத்தினேன். ஏழு வருடமாக நான் செத்த புழுவைத்தான் வர்ணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புழுவுக்கு அவள் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம். ஏற்கெனவே புழுக்காரின்னு கூப்புடுறாக. இனிப் புழுன்னே கூப்புடுவாக. ஊர் பேர வைங்க." வைத்தேன்.

"அந்த சாரு பேரு எங்கிட்டும் இல்லையா?"

"கடைசில நன்றின்னு ஒரு பகுதி இருக்கு. போடணும்னா அதுல போடலாம்."

"அவுக என்ன செஞ்சாக?"

இருவரும் யோசித்தோம். பிறகு எழுதினேன்: "உருமாற்றத்தின் எல்லாக் கட்டங்களும் நிகழ்ந்து முடியும்வரை எட்டு நாட்கள் புழுக்களைத் தமது சொந்த அறையில் குளிர்சாதன வசதியுடன் காத்துத் தந்த பேராசிரியர் குணசீலராஜ் அவர்களுக்கு ஆசிரியர்கள் நன்றி கூறுகிறார்கள்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ரோசரி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அறைக்கு வந்து படிவத்தை நிரப்பினேன். பெயர்களுக்குப் பிறகு நிறுவனம் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. ரோசரிக்கு நிறுவனம் கிடையாது. இரண்டு வாரமாக எனக்கும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே முகவரியை அடித்தேன்.

புழு எடுக்கும் கரை, கோரைவலசை.

அடுத்த பக்கம் திறந்தது.